கடலுக்குப் போகிறவளின் முன்னால்

செசிலின் துடுப்பு மடுத்தீனின் தேநீர்த் தட்டைத் தட்டிவிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

பாரிஸின் லா சப்பலில் ஏப்ரல் மழை. மெத்ரோ ரயிலிலிருந்து ஓடி வந்தவள் நீளத் துடுப்போடு அந்த யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைய... இரண்டு தேநீர்க் கோப்பைகளும் தரையில்.

"பர்தோன்... மன்னிச்சுக்கங்க."

"தமிழோ?" அங்கே வேலை செய்யும் மடுத்தீன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி ஒட்டிய இமைகள், பெரிய கண்கள்... அவனுக்குக் கோபப்பட மறந்துபோயிற்று. "இதென்ன, ரெண்டு பக்கமும் துடுப்பு?"

"கயாக் படகுக்கு. பூர்வீகம் பாண்டிச்சேரி. கோடையில நோர்வேயில வழிகாட்டி வேலை."

பிறகு சனிக்கிழமைதோறும் வந்தாள். அவன் தேநீர் கொண்டுவருவான். அவள் பேச்சில் நோர்வேயின் ஃபியோர்டைக் கொண்டுவருவாள். இரு புறமும் செங்குத்து மலை, நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஒடுங்கிய வழி. கரையில் ஊரே கிடையாது. பாரிஸ்காரர்களைச் சின்னப் படகுகளில் அழைத்துப்போவாள். பாறையில் கடல்நாய்கள் படுத்திருந்தால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும், இல்லையென்றால் அவை மிரண்டுவிடும்... தண்ணீரோ அப்படிக் குளிரும். கவிழ்ந்தால் பிழைப்பது கஷ்டம்.

"மீன் ஒண்டும் பிடிக்கிறேல்லையோ?"

"பார்க்கிறது மட்டும்தான்."

"கடலுக்குப் போய்ச் சும்மா பாத்திட்டு வாறதுக்குக் காசு குடுக்கினமோ? வலை போடுற எங்கடை பாசையூரிலை சொன்னால் அடிக்க வருவினம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தே வாரம் முழுவதும் சட்டி கழுவினான். ஆனால் மனதைச் சொல்லவில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராதவன் அவன். அவளோ பிரெஞ்சுக் குடிமகள். எந்த முகத்தோடு சொல்வது?

ஜூனிலும் மழை. மூட்டையோடு வந்து நின்றாள். கார் து நோர் நிலையத்தில் ரயில்.

"கிளம்புறேன். செப்டம்பர்லதான் வருவேன். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க..."

அவன் துடைத்த கோப்பையையே துடைத்தான். "கவனமாப் போட்டு வாங்கோ."

"அவ்வளவுதானா?"

"ஓம்."

அவள் கண்கள் நிறைந்தன. மறைக்கத் திரும்பி, மழையில் இறங்கி நடந்தாள். அவன் வாசல்வரை ஓடினான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது... வாயை மூடிக்கொண்டான்.

தெருமுனையில் அவள் ஒரு கணம் நின்றாள். கூப்பிடுவான் என்றுதான் நின்றாள். சத்தமே இல்லை. சரி... இவன் மனசில் நான் இல்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த திருப்பத்தில், பக்கத்துச் சந்துக்குள்ளிருந்து ஓடிவந்து அவள் எதிரே நின்றான் மடுத்தீன். குடையில்லை, மேலங்கியில்லை. மூச்சிரைத்தது.

"கடலுக்குப் போற ஆளைப் பின்னாலை நிண்டு கூப்பிடக்கூடாது. அதுதான் சுத்தி ஓடி வந்தனான்."

"இதெல்லாம் நம்புவீங்களா?"

"நம்பாமத்தான் இருந்தனான். கடல் தொழிலுக்குப் போகேக்கை என்ரை தம்பி சோத்துப் பார்சலை மறந்திட்டான். பின்னாலை ஓடிக் கூப்பிட்டனான். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனவன்... பிறகு வரேல்லை."

செசில் மூட்டையைக் கீழே வைத்தாள். இவ்வளவையும் வைத்துக்கொண்டா தன் கடல் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தான்?

"இப்ப முன்னாலதானே நிக்கிறீங்க. சொல்லுங்க."

"எனக்கு இன்னும் வதிவிடக் காட் கிடைக்கேல்லை. சட்டி கழுவுறன். ஆனா... உங்களிலை எனக்குச் சரியான விருப்பம், செசில். நீங்கள் திரும்பி வரவேணும்."

"வருவேன். உங்ககிட்டதான் வருவேன்." அவள் மூட்டையை அவனிடம் நீட்டினாள். "ஸ்டேஷன் வரைக்கும் முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

மூட்டையை வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். மழையில் அவன் அழுதது எதிரே வந்த யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்தவளுக்குத் தெரிந்தது.