தானாக விழிக்கும் கார்

யார் இவன்... என் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறவன்?

றோசலின் செபமாலையைக் கையுறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பனியில் விரைந்து நடந்தாள். புலம்பெயர்ந்து வந்த அந்தக் குளிர்நாட்டில், இக்காஸ்ட் நகர மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ்த் திருப்பலி அப்போதுதான் முடிந்திருந்தது. 2009 தை மாதம். வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்த தங்கள் ஆட்களின் பெயர்களைச் சொல்லி எல்லோரும் மெழுகுதிரி ஏற்றியதில் அன்று நேரம் நீண்டுவிட்டது. அவள் ஏற்றியது ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு.

அவன் தலையிலும் தோள்களிலும் பனி படிந்திருந்தது. மெக்கானிக்குகள் போடும் நீல மேலாடை. கைகளைக் கக்கத்துக்குள் செருகியிருந்தான்.

"அது என்ர கார்" என்றாள், கடுமையாக.

"தெரியும். அதான் உங்களப் பாத்துக்கொண்டு நிக்கிறன். கார் ஓடிக்கொண்டு இரிக்கு."

"நான் நிப்பாட்டிப்போட்டுத்தான் போனனான்..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. இருக்கையில் யாருமில்லாமலே எஞ்சின் மெல்ல உறுமி உயிர்பெற்றது. றோசலின் இரண்டடி பின்வாங்கிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"பேய் இல்ல" என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஹைபிரிட்."

அவள் அந்தப் பழைய காரை வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நின்றவுடன் சத்தம் அடங்கிவிடும். அதனால் அணைந்துவிட்டது என்று நம்பி, பொத்தானை அழுத்தாமலே, திறப்புச் சாவியையும் உள்ளே விட்டுவிட்டுச் செபத்துக்கு ஓடியிருக்கிறாள். எதிரே இருந்த வேலைத்தளத்தைப் பூட்டிக்கொண்டு வந்தவன் அதைக் கண்டு, யாரும் கொண்டுபோய்விடாமல் காவலுக்கு நின்றிருக்கிறான்.

"ஒரு மணித்தியாலமா நிண்டனீங்கள்?"

"ஒண்டேகால். உங்கட ஃபாதர் நிறையக் கதைக்கிறார்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் இமைகளில் உருகிக்கொண்டிருந்த பனியைத்தான் பார்த்தாள்... தேவைக்குச் சற்று அதிகமான நேரம். பிறகு அந்தத் தடுமாற்றத்தை மறைக்க, பல நாளாக மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டாள். இதை எங்கே சார்ஜ் பண்ணுவது? அவள் கூடத் தங்கியிருந்த மாமி சமையலறை யன்னலால் வயர் விட்டு, காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குத்துவதற்கு ஒரு ஓட்டையும் காணாமல் திரும்பிப் போயிருந்தார்.

இந்தமுறை அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்கு வயரே தேவையில்ல. நீங்க வேகத்தக் குறைக்கிற நேரமெல்லாம் தன்ர பாட்டில சேத்து வைக்கும். ஓடினாப் போதும். வாரக்கணக்கா ஓடாம விட்டாத்தான் செத்துப்போகும்."

பெயர் ஜெயரூபன். ஊர் கிழக்கே வாழைச்சேனை. அவன் ‘இரிக்கு’ என்று சொல்வதை வழி முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தான் இருந்த பிராண்டேக்குக் கார் ஓட்டினாள். அது ஏனென்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பிராண்டேக்கு வெளியே, தனித்தனிப் பண்ணை வீடுகளில் இருக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. வீட்டுக்கு வீடு வெறும் பொட்டலும் காற்றும். குளிரில் உறைந்த அந்தத் தெருக்களில் ஒரு பஸ்கூடக் கிடையாது. காரை வாங்கியதற்கு எல்லோரிடமும் அவள் சொன்ன காரணம் அதுதான்.

சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மாமி வீட்டு நிலக்கீழ் அறையில் கைபேசிக்குச் சிக்னல் வராது, மேலேயும் அறுந்து அறுந்துதான் வரும். ஊருக்கு வெளியே, காற்றாலைகள் சுழலும் மேட்டில்தான் நன்றாக வரும். கார்த்திகையில் அப்பா கடைசியாக அழைப்பு எடுத்தபோது சொன்னார். "பிள்ளை, போனை நிப்பாட்டாமல் வை. நான் திரும்ப எடுப்பன்." வேலை முடிந்த பின்னேரங்களில் அவள் அந்த மேட்டில் காரை நிறுத்தி, கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். எஞ்சின் அணையும். குளிர் கூடினால் தானாக விழித்து, கொஞ்சம் சூடு தந்து, திரும்ப அடங்கும். யாரோ ஒருவர் கூடவே இருந்து மூச்சுவிடுவதுபோல இருக்கும்...

அந்த அழைப்பு வரும்வரை தனக்கென்று எதையும் தொடங்குவதில்லை. இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிராண்டேயில் குடியிருந்த ஜெயரூபன் இக்காஸ்டில் வேலை முடிந்து அந்த வழியால்தான் வருவான். முதல் நாள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். மறுநாள் நின்றான். மூன்றாம் நாள் சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேநீர் வந்தது. மாசி பிறந்தபோது பக்கத்து இருக்கை அவனுடையதாகியிருந்தது. ஒருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை... அவன் வரத் தாமதித்தால் அவள் கண்ணாடியில் தெருவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

காணாமல்போனவர்களைத் தேடும் செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தை அந்தக் காருக்குள் இருந்துதான் நிரப்பினார்கள். தொடர்புக்கு இரண்டாவது எண் கேட்டிருந்தது. மாமிக்குக் காது மந்தம். யோசிக்காமலே ஜெயரூபனின் எண்ணை எழுதினாள். எட்டிப் பார்த்தவனுக்குக் காதுகள் சிவந்தன.

மாசி முடியும்போது அவன் கேட்டுவிட்டான். நேராகப் பார்க்காமல், காற்றாலையைப் பார்த்துக்கொண்டு, தன்னைக் கட்டச் சம்மதமா என்று.

அவளுக்குள் ஏதோ ஒன்று ஓடிப்போய் ‘ஓம்’ என்றது. வாய் வேறொன்றைச் சொன்னது. "அப்பா எடுக்கட்டும். அதுக்குப் பிறகு."

அவன் போத்தல் மூடியைத் திருகி மூடினான்.

"எடுக்காட்டி, றோசலின்?"

எவ்வளவு மெதுவாகக் கேட்டான்... அந்த மென்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இதே கேள்வியை இரவும் பகலும் அவள் தனக்குள் மிதித்து வைத்திருந்தாள்.

"இறங்குங்கோ" என்றாள்.

"காணாமப்போன எங்கட அண்ணனுக்காக அம்மாவும் இப்பிடித்தான்... பத்தொன்பது வருசமாக் கதவச் சாத்தாம இரிக்கிறா. அதான் கேட்டன்."

"இறங்குங்கோ."

அவன் இறங்கினான். போத்தல் காருக்குள் கிடந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் அவன் வரும் நேரத்தைத் தவிர்த்தாள். அவன் இரண்டு தரம் அழைப்பு எடுத்தும் அவள் பேசவில்லை. ஒரு சொல் போதும், வந்துவிடுவான் என்று தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் மனம் வளையவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. வெறுமையான இருக்கையைப் பார்க்கும்போது மட்டும், தன்னையே காட்டிக்கொடுத்ததுபோல இருந்தது.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்றது தொலைக்காட்சி. மாமி அழுதார். றோசலின் அழவில்லை. கைபேசியை அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டாள். வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். கார் வாசலில் நின்றது. அதன்மேல் லைலாக் பூக்கள் உதிர்ந்து, நிறம் மாறி, ஒட்டிக்கொண்டன.

மூன்று வாரம் கழித்து, ஒரு மழைக் காலையில், மாமி படியில் நின்று கூப்பிட்டார். "றோசி, ஆரோ மெக்கானிக்காம். சொட்டச் சொட்ட நனைஞ்சுகொண்டு நிக்குது."

அவள் மேலே வந்தாள். முதன்முதலாகக் கண்டபோது பனி இருந்த இமைகளில் இப்போது மழை.

"கார் பழுதில்லை" என்றாள்.

"அப்பா எடுத்தவர்."

அவளுக்கு விளங்கவில்லை.

"உங்கட அப்பா. வவுனியாவில ஒரு முகாமில. காலில காயமாம், ஆனா நடக்கிறாராம். உங்கட போன் வேலை செய்யேல்லயாம், அதான் செஞ்சிலுவைப் படிவத்தில கிடந்த மற்ற நம்பருக்கு... ரெண்டு மணிக்கு உங்கட நம்பருக்குத் திரும்ப எடுக்கிறாராம்."

மற்ற நம்பர். அவள் மறந்தே போயிருந்த நம்பர். எடுக்காட்டி என்று கேட்டவன், இத்தனை மாதமும் அதை அணைக்காமல் வைத்திருந்திருக்கிறான்...

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமிதான் முதலில் சுதாரித்து லாச்சியை இழுத்தார்.

கைபேசியில் உயிரில்லை. மேட்டுக்குப் போக வேண்டும். காரில் ஏறிப் பொத்தானை அழுத்தினாள். காரிலும் உயிரில்லை. ஜெயரூபன் தன் காரை அருகே கொண்டுவந்து, மழைக்குள் குனிந்து இரண்டு பட்டரிக்கும் வயரைப் பூட்டினான்.

"வயரே தேவையில்லை எண்டனீங்கள்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஓடோணும் எண்டும் சொன்னனான்."

கார் விழித்தது.

மேட்டில் மழை சரிந்து பெய்தது. ஒன்றே முக்கால். சார்ஜில் போட்ட கைபேசிக்கு வெளிச்சம் வந்தது. அவன் தன் பழைய இருக்கையின் நுனியில், இறக்கிவிடப்பட்டவன் திரும்ப ஏறியதுபோல, கவனமாக உட்கார்ந்திருந்தான்.

"நீங்கள் ஆர் எண்டு அப்பா கேட்டவரோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

அவன் கண்ணாடியில் ஓடும் நீரைப் பார்த்தான். "உங்கட மகளோட சேந்து, உங்கட போனுக்குக் காத்துக்கொண்டு இரிக்கிறவன் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"'அப்ப பிள்ளை தனிய இல்லை' எண்டார்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் உங்களை இறக்கிவிட்டதைச் சொல்லேல்லையோ?"

"ஒரு நிமிசம்தான் குடுத்தவங்க. அதுக்கு நேரம் காணாது."

அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே வலது கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது.

"இப்ப எடுக்கேக்கை நீங்கள் ஆர் எண்டு நான் சொல்லுறன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கெண்டு. தலை நிறையப் பனியோட நிண்டீங்களே... அண்டைக்கே பிடிச்சிருக்கெண்டு."

அவன் விரல்கள் இறுகின.

எஞ்சின் அடங்கியது. அந்த அமைதியில் கைபேசி ஒலித்தது.

அவள் இடது கையால் எடுத்தாள். வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது.