பேய்க்கும் ஒரு பக்கெட்

சிலருக்கு வாய் சும்மா இருக்காது. இந்த கேஸ் கீசர் மெக்கானிக்குக்கு விரல் சும்மா இருக்காது. ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வழியில், சிக்னலில் நிற்கிற அரை நிமிஷத்தில்கூட, ஃபோனை எடுத்து அந்தக் குழுவுக்குள் ஒரு எட்டு பார்த்துவிடுவார். ‘நம்ம வீட்டு ரிப்பேர்’ என்று அதற்குப் பெயர். பதினோராயிரம் பேர் இருந்தார்கள். குழாய் ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது என்று யாராவது புலம்புவார்கள். மற்றவர்கள் யோசனை சொல்வார்கள், இல்லாவிட்டால் கலாய்ப்பார்கள். எந்தப் பதிலுக்குச் சிரிப்பு அதிகம் விழுகிறதோ அது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே அவர் பெயர் ஸ்பேனர். மேலே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஸ்பேனரின் பதில்தான்.

அன்று காலையும் அதே கதைதான். பல் தேய்த்துக்கொண்டே யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி வந்து நின்றாள்.

“என்னங்க, ஊர்ல இருக்கிற கீசரெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வீட்டு கீசர்ல புகைக்குழாய் கழண்டு தொங்குது. குளிச்சா தலை சுத்துதுன்னு பாப்பா சொல்றா.”

“காசில்லாம ராட்டினம் சுத்துறோம்னு நினைச்சுக்கச் சொல்லு.”

“எப்பப் பாத்தாலும் விளையாட்டு” என்றாள் அவள். ஆனாலும் சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் கீழேயே சாவியுடன் காத்திருந்தார்.

“மூணாவது மாடி, தம்பி. நாளைக்குப் புதுசா குடி வர்றாங்க. கீசரை ஒரு பார்வை பாத்து, நல்லா இருக்குன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டா போதும்.”

“நீங்க மேல வரலையா சார்?”

“எனக்கு முட்டி வலி.” அவர் படிக்கட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். “வீடு ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்கு. முன்னாடி ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்க. ராத்திரி படுத்தவங்க எழுந்திரிக்கலை. ஏதோ விஷ கேஸுன்னு சொன்னாங்க. வேலையை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, நான் பக்கத்துத் தெரு வரைக்கும் போயிட்டு வர்றேன்.”

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது கேட்காத கதை இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறினார்.

கதவைத் திறந்ததும் ஈரத் துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை அடித்தது. கூடத்தில் ஒன்றுமில்லை. மின்விசிறி மாட்டியிருந்த இடத்தில் வெறும் கொக்கி. அவர் நடந்தால் அவர் காலடியே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

மஞ்சள் ஓடு. வலது மூலை உடைந்த கண்ணாடி. அதற்குக் கீழே ஒரு நீல பக்கெட்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. வீட்டையில்லை, படத்தை.

அடுத்த நொடி ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள். ‘மூணாம் மாடி’ என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்தவள். இதே குளியலறையின் படம் போட்டு எழுதியிருந்தாள்: “சிரிக்காதீங்க ப்ளீஸ். எங்க வீட்ல யாரோ இருக்கிற மாதிரி இருக்கு. ராத்திரி நடக்கிற சத்தம் கேக்குது. குளிச்சுட்டு வந்தா தங்கச்சிக்குத் தலைவலி, குமட்டல். கண்ணாடியில வேற யாரோ தெரியுறாங்கன்னு அழுவுறா. வீட்டு விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மேல இருக்கிற பதில் என்ன சொல்லுதோ அதைத்தான் செய்வேன்.”

படத்தில் கீசரின் புகைக்குழாய் தெரிந்தது. அதன் வாயில் புறாக்கூடு அடைத்திருந்ததும் தெரிந்தது. பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. வாசனையே இல்லாத விஷக்காற்று. தலைவலி, குமட்டல், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதன் வேலைதான். நாலு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வரி புத்திமதிக்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதோடு சரி.

ஸ்பேனர் எழுதினார்: “கதவு ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்துங்க. நல்லா வெந்நீர் திறந்து விடுங்க. குளிச்சுட்டுப் படுங்க. பேய்க்கும் ஒரு பக்கெட் எடுத்து வைங்க, பாவம்.”

அறுநூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு. அவர் வாழ்நாளில் வாங்கியதிலேயே அதிகம். அந்தப் பெண் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

டார்ச்சைத் தூக்கிக் குழாயின் வாயைப் பார்த்தார். கூடு அப்படியே இருந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

குழுவில் புதுப் பதிவு. எழுதியது மூணாம் மாடி.

“வீட்டுக்குள்ள ஒருத்தர் வந்திருக்கார். பையோட. என்ன செய்யட்டும்?”

அவர் அதை மூன்று தரம் படித்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். படித்துக்கொண்டிருக்கும்போதே பதில்கள் வர ஆரம்பித்தன. குழுவுக்கு மதியத் தூக்கம் கலைந்துவிட்டது.

கொசுவலை என்பவன் எழுதினான்: “முதல்ல பையை ஒளிச்சு வைங்க. ஆள் எங்கயும் போகமாட்டார்.” நாற்பது சிரிப்பு. எழுபது. அது மேலே ஏறியது.

கூடத்தில் எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். பை வைத்த இடத்தில் பை இல்லை. தூசியில் அது போன தடம் மட்டும் சமையலறைப் பக்கம் நீண்டிருந்தது.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது.

“பாத்ரூம்லதான் நிக்கிறார். இப்ப என்ன செய்யட்டும்?”

பெயிண்டர் மச்சான் உடனே வந்தான். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் ஐந்து வருஷமாகக் கூட்டாளி. “புதுசா யோசனை எதுக்கு? நம்ம ஸ்பேனர் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரே!” என்று எழுதி, கீழே பழைய பதிலை அப்படியே எடுத்து ஒட்டினான். அறுநூற்றுப் பன்னிரண்டு சிரிப்போடு அது பதிவின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஓடிப்போய் இழுத்தார். அசையவில்லை. தலைக்கு மேலே காற்றுப் போகிற சின்ன ஜன்னலின் இரும்புப் பலகை கீழே இறங்கி, கடக்கென்று பொருந்தியது. குழாய் தானாகத் திரும்பியது. கீசருக்குள் பொக் என்று நெருப்பு பிடித்தது.

நீல பக்கெட் தரையில் உரசியபடி நகர்ந்து வந்து, குழாய்க்குக் கீழே நின்றது.

குழாயை மூடிப் பார்த்தார். அது கையோடு சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. கீசரின் திருகும் அப்படித்தான். சிலிண்டர் வெளியே பால்கனியில் இருந்தது. வீட்டுக்காரரை அழைத்தார், மனைவியை அழைத்தார். எந்த அழைப்பும் போகவில்லை. அந்தக் குழு மட்டும் திறந்தது. ஆவி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. இவ்வளவு சின்ன அறை, அடைத்த குழாய். எத்தனை நிமிஷம் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவர் தொழில்.

கதவுக்கு அந்தப் பக்கம், வெகு பக்கத்தில், ஒரு சின்னக் குரல் ரகசியமாகக் கேட்டது.

“அண்ணே... சூடு போதுமா?”

தரை ஓட்டின் மேல் உட்கார்ந்தார். குழுவில் எழுதினார்: “விளையாட்டு இல்ல. நான் அந்த வீட்லதான் மாட்டிக்கிட்டு இருக்கேன். காப்பாத்துங்க.”

“அண்ணன் ஃபார்முக்கு வந்துட்டார்” என்றான் கொசுவலை. “நடிப்புக்கு ஒரு சிரிப்பு” என்றான் பெயிண்டர் மச்சான். இவர்களுக்குச் சொல்லி என்ன பயன்? இத்தனை வருஷமும் அவர் சொன்ன எதையும் யாரும் நம்ப வேண்டியிருந்ததில்லையே.

பின்மண்டையில் வலி ஆரம்பித்தது. பிறகு குமட்டல். அந்தத் தங்கைக்கு இருந்தது போலவே. ஆவி படிந்த கண்ணாடியில் அவருக்குப் பின்னால் இரண்டு உருவங்கள் நிற்பது தெரிந்தது. ஒன்று உயரம், ஒன்று குள்ளம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவள் கேட்பது மேலே இருக்கிற பதிலை மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதினார்.

“அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. தண்ணியை நிறுத்துங்க. கேஸை மூடுங்க. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டை விட்டு வெளியே போயிடுங்க. அது பேய் இல்ல, கேஸ். நான் கீசர் மெக்கானிக், எனக்குத் தெரியும். அன்னைக்கும் தெரியும். என்னை மன்னிச்சிடுங்க.”

அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். “இதுக்கு எல்லாரும் சிரிப்புப் போடுங்க. கால்ல விழறேன். அறுநூத்துப் பதிமூணு வேணும்.”

குழு குலுங்கிச் சிரித்தது. இப்படி ஒரு கெஞ்சலை அவர்கள் பார்த்ததேயில்லை. ஐம்பது. நூற்றிருபது. மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. முந்நூறு. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பெயிண்டர் மச்சான் தன் வேலைக் கூட்டாளிகள் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். ஐந்நூறு. அவர் கன்னம் ஈர ஓட்டில் பட்டிருந்தது. அறுநூற்றுப் பத்து. அறுநூற்றுப் பன்னிரண்டு.

அங்கேயே நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. யாரோ காத்திருந்தார்கள்.

அவர் மரத்துப்போன கட்டைவிரலால், தன் பதிலுக்குத் தானே ஒரு சிரிப்பைப் போட்டார்.

தண்ணீர் நின்றது. நெருப்பு அணைந்தது. தலைக்கு மேலே இரும்புப் பலகை தூக்கிக்கொண்டது. கதவு மெதுவாக, ஒரு நல்ல பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பது போல, திறந்தது.

அவர் தவழ்ந்து கூடத்தைத் தாண்டினார். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். தெருவில் வெயில் அடித்தது. ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தார், காற்றை வாரி வாரிக் குடித்தார், குழந்தை மாதிரி அழுதார். அந்த இரண்டு பெண்களுக்காக அழுதாரா, தன் உயிர் பிழைத்ததற்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஃபோன் அதிர்ந்தது.

மூணாம் மாடி எழுதியிருந்தாள்: “வெளியே வந்துட்டோம். தங்கச்சிக்குக் குளிருது. இப்ப எங்க போறது?”

“ஐயோ, வேண்டாம்” என்று வாய்விட்டுக் கத்தினார். எழுதப் பார்த்தார். விரல் வழுக்கியது. அதற்குள் பெயிண்டர் மச்சான் முந்திக்கொண்டான்.

“இதென்ன கேள்வி? நேரா ஸ்பேனர் அண்ணன் வீட்டுக்குப் போங்க. மெக்கானிக் வீடு, வெந்நீருக்குக் குறைவா இருக்கும்?”

எழுநூறு சிரிப்பு. எண்ணூறு.

வீட்டுக்கு அழைத்தார். இந்த முறை உடனே போனது.

“என்னங்க, நீங்க வந்துட்டீங்களா?” என்றாள் மனைவி. “பாத்ரூம்ல யாரு வெந்நீர் திறந்து விட்டது? ரெண்டு பக்கெட் ரொம்பி வழியுது. நான் பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு இப்பதான்...”

“அவளைத் தூக்கிட்டு வெளிய வா! கீசரைத் தொடாத, வெளிய வா! இப்பவே!”

அவள் சிரித்தாள். காலையில் சிரித்தாளே, அதே சிரிப்பு.

“சும்மா இருங்க. எப்பப் பாத்தாலும் உங்களுக்கு விளையாட்டுதான்.”

அந்தச் சிரிப்புக்குப் பின்னால், அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.