வெள்ளிக்கிழமை மோதகம்

கைப்பேசி அடித்தது.

வாகீசன் பாய்ந்து எடுத்தார்.

மறுமுனையில் குகதாசன். கொந்தறாத்துக்காரன்; சபை வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுப்பவன்.

"குடுத்தாச்சு சேர். கோயில் பிரசாதமெண்டு சொன்னனான். அருந்ததி மிஸ் கும்பிட்டு வாங்கினவ."

"திண்டவளோ?"

"நிண்டு பாக்கேலுமே சேர்?"

"பேனை குடுத்தாலே திருப்பி அனுப்புறவள். பிரசாதத்தை வேண்டாமெண்ட மாட்டாள்."

வாகீசன், பிரதேச சபைச் செயலாளர். சபையின் சீமெந்தும் சபையின் ஆட்களும் சேர்ந்துதான் நல்லூரில் அவருடைய மாடிவீட்டை எழுப்பியிருந்தன. சபையின் கணக்காளர் அருந்ததி நாளை இலஞ்ச ஆணைக்குழுவின் முன் வாயைத் திறந்தால்... சிறை.

திறக்கக்கூடாது.

மோதகத்துக்குள் இருந்தது வெறும் பயறும் சர்க்கரையும் அல்ல!

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வேம்பில் காகங்கள் சட்டென்று அடங்கின.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி."

மனைவி சாருஜா தட்டை வைத்தாள். மோதகம். வெள்ளிக்கிழமைகளில் அவள் அவிப்பது வழக்கம்.

"நீ தின்னேல்லையோ?"

"எனக்கு விரதமெல்லே."

கைப்பேசியையே பார்த்தபடி ஒன்றை விழுங்கினார். பிறகு இன்னொன்று.

அடித்தது.

திரையில்... அருந்ததி!

உயிரோடு!

"சேர், குகதாசன் மோதகம் தந்தவர். சாமியின்ரை எண்டாலும், கொந்தறாத்துக்காரர் தந்தால் அன்பளிப்புத்தானே. தலைமை அதிகாரியிட்டை ஒப்படைக்கவேணுமெண்டது விதி. நீங்கள் சபைக் கந்தோரிலை இல்லை. அதுதான் சாரதி சந்தியோகு அண்ணையிட்டைக் குடுத்து உங்கடை வீட்டை அனுப்பினனான்."

கோப்பை சரிந்தது.

"சாருஜா... இது நீ அவிச்சதோ?"

"எனக்கெங்கை நேரம்? கந்தோர் வாகனத்திலை வந்தது. அதிலை வாற சாமானை நான் எண்டைக்குக் கேள்வி கேட்டனான்?"

நாக்கு மரத்தது. வயிற்றுக்குள் நெருப்பு.

சந்தியோகுவை அழைத்தார்.

"வாகனத்தைக் கொண்டா... உடனை... ஆசுப்பத்திரிக்கு..."

"ஏலாது சேர். ஆணைக்குழுவிலையிருந்து அறிவிச்சவையாம். மிஸ் இப்பதான் வாகனத் திறப்பை வாங்கி அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சவ. மோதகம் கொண்டந்ததுதான் கடைசி ஓட்டம். இனிச் சொந்த அலுவலுக்கு ஓடக்கூடாதாம்..."

சந்தியோகு கொஞ்சம் யோசித்தான்.

"ஒரு ஓட்டோ பிடியுங்கோவன், சேர்."