என்சைமைக் கொன்றது யார்?

ஆஞ்சலா தான் வேலை செய்யும் ரசாயனக் கம்பெனிக்குத் தரவேண்டியது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய். கம்பெனி நீட்டிய கடன் தாள் அப்படித்தான் சொன்னது. அவள் அதில் கையெழுத்துப் போடவில்லை. நேரே பெங்களூரு பிரேசர் டவுனுக்கு வந்து, தொழிலாளர் சங்கத்துக்காக இப்படிப்பட்ட வழக்குகளைத் துருவிப் பார்க்கும் நோராவின் முன் வைத்தாள்.

"தொட்டிய அதிகமா சூடாக்கி என்சைமைக் கொன்னுட்டேனாம், அக்கா. வெள்ளிக்குள்ள கையெழுத்து, இல்லேன்னா வேலை போச்சு. பதினாறு வருஷம் ஆசிட் புகைய முழுங்கினவ நான். இப்பதான் புகையில்லாத வேலை வந்துச்சு. விடமாட்டேன்."

"என்சைம்னா?"

"தொட்டில இருக்கற சரக்கைப் பிரிக்கற திரவம். முன்ன ஆசிட் ஊத்திக் கொதிக்க வெச்சு செஞ்ச வேலைய நாப்பத்தஞ்சு டிகிரிலயே முடிச்சிடும். ஆனா சூடு ஏறினாலும் சாகும், ஃப்ரிட்ஜுக்கு வெளிய நாலு நாள் கிடந்தாலும் சாகும்."

மறுநாள், நோராவை எப்போதும் கூட்டிப்போகும் லாயிடின் ஆட்டோவில், பொம்மசந்திராவில் இருந்த கம்பெனிக்குப் போனார்கள்.

"எவனோ விஷம் வெச்சிருக்கான், நோராக்கா!"

"நீ ரோட்டைப் பாரு, லாயிட்."

போன வாரத்து ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு சுவிட்சிலும் காய்ந்திருந்தது. சூப்பர்வைசர் ஸ்ரீஹர்ஷா, ஃப்ரிட்ஜ் அறையைத் திறந்து பதிவேட்டைக் காட்டினார். நாலு நாள் விடுமுறையிலும் நாலு டிகிரி என்றே இருந்தது.

"இந்த ரூம் சாவி என்கிட்ட மட்டும்தான். தப்பு நடக்க சான்ஸே இல்ல."

நோரா, ஃப்ரிட்ஜிலிருந்து திறக்காத என்சைம் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். முதலாளி பார்கவி பார்க்க, அதைக் கொஞ்சம் சரக்கோடு கலந்து, கண்ணாடிக் குடுவையில் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். சரக்கு கொஞ்சமும் பிரியவில்லை.

"இது ஆஞ்சலா கை படாத பாட்டில், மேடம். தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே செத்திருக்கு."

"அப்போ ஃப்ரிட்ஜ்!" என்று லாயிட் கத்தினான்.

நோரா அதன் சுவிட்சைக் காட்டினாள். சந்தனப் பொட்டு நடுவில் விண்டிருந்தது. பக்கத்தில், எப்போதும் எரியும் விளக்கின் சுவிட்சில் பொட்டு முழுசாக இருந்தது.

"பொட்டு காஞ்சப்புறம்தான் இந்த சுவிட்சை யாரோ போட்டிருக்காங்க. பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் ஓய்வு குடுத்தீங்க, ஸ்ரீஹர்ஷா. இதுக்கும் சேர்த்து. நின்னுபோன ஃப்ரிட்ஜ் எப்படி நாலு டிகிரி காட்டும்?"

ஸ்ரீஹர்ஷா பதிவேட்டை மூடினார். "ஆசிட் காலத்துல எல்லாத்தையும் நிறுத்துவோம், மேடம். அதே பழக்கத்துல... வந்து பார்த்ததும் பயந்துட்டேன். பதிவேட்டை நான்தான் எழுதினேன்."

பார்கவி கடன் தாளை எடுத்து, குறுக்கே 'தள்ளுபடி' என்று எழுதினார்.

"அத அடிங்க, மேடம்," என்றாள் ஆஞ்சலா. "வாங்கின கடனைத்தான் தள்ளுபடி பண்ணுவாங்க. நான் வாங்கல. 'கடன் இல்லை'ன்னு எழுதுங்க. கன்னடத்துலயும் எழுதுங்க, சூப்பர்வைசர் படிக்கட்டும்."

பார்கவி இரண்டு மொழியிலும் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.