மூன்று பேருக்குத் தெரிந்த பெயர்

மாலை ஐந்து மணிக்குப் பெரிய அறையில் இருந்த கணினி, பிள்ளைகளின் கணக்கைத் தானாகவே மூடிவிடும். அன்றும் மூடியது. பெர்மெத் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். அவள் தம்பி குச்சுக் முன்னாலேயே வந்து, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கை ஜாமில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அம்மா சல்தனத் தேநீர் ஊற்றும்போது அவள் கைபேசி அதிர்ந்தது. பிள்ளைகள் கூடுதல் நேரம் கேட்டால் கணினி அவளுக்கு அனுப்பும் செய்திதான் அது. ஆனால் இரண்டு பிள்ளைகளும் அவள் கண்முன்னே உட்கார்ந்திருந்தார்கள்.

'அக்ஜோல் இன்னும் பத்து நிமிடம் கேட்கிறான்.'

கிண்ணம் நிரம்பி, தேநீர் மேசைவிரிப்பில் வழிந்தது. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பெர்மெத்துக்கும் குச்சுக்குக்கும் நடுவே சல்தனத்துக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து, இரண்டும் நாற்பது நாள் தாண்டாமல் போய்விட்டன. அடுத்தவன் பிறந்ததும், இப்படிப் பறிகொடுத்த வீடுகளில் செய்வதை அவளும் செய்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்பதுபோல் விற்று, ஒரு ரொட்டி கொடுத்துத் திரும்ப வாங்கினாள். பிறப்புச் சான்றிதழில்கூட நாய்க்குட்டி என்று, குச்சுக் என்றுதான் எழுதவைத்தாள். தேடி வருவது எதுவானாலும், இங்கே நாய்க்குட்டிதான் இருக்கிறது என்று ஏமாந்து போகட்டுமே! முல்லா காதில் ஓதிய உண்மைப் பெயர் மூன்று பேருக்குத்தான் தெரியும். முல்லா இறந்துவிட்டார். கணவன் குபான் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். மூன்றாவது ஆள் சல்தனத்.

இல்லை, நவம்பரிலிருந்து நாலாவதாக ஒன்றுக்கும் தெரியும்.

இலையுதிர் காலத்தில் பெர்மெத்தோடு தினமும் கணினியில் அரட்டை அடித்த 'பதினாலு வயதுத் தோழி' ஒரு வளர்ந்த ஆம்பிளை என்று தெரிந்தபோது சல்தனத்துக்குக் குலை நடுங்கிப் போனது. அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, தினம் ஒரு மணி நேரம், அவள் அனுமதித்த பக்கங்கள் மட்டும் என்று பூட்டுப் போட்டாள். பெர்மெத் மூன்று முறை அந்தப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

"முதல்ல உன் பொறந்த நாளு. அப்புறம் அப்பாவோட வண்டி நம்பரு. அப்புறம் பாட்டி ஊரு," என்று அவள் விரல் மடக்கிச் சிரித்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா தாக்குப்பிடிப்ப?"

உங்களுக்கு மட்டுமே தெரிந்த சொல்லை வையுங்கள் என்றது கணினி. பெர்மெத் நூறு வருஷம் யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரே சொல் சல்தனத்திடம் இருந்தது. ஒன்பது வருஷம் நாக்கில் வராமல் காத்த பெயரை அவள் விரலால் எழுதினாள். அதன்பின் தினமும் எழுதினாள்.

இப்போது கைபேசியில் 'சரி', 'முடியாது' என்று இரண்டு பொத்தான்கள் மினுங்கின. அவள் 'முடியாது' என்பதை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே நாரின் நகரத்துப் பனி நீலமாய் இருட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ நிலக்கரி வாளியை இழுத்துப்போகும் ஓசை, கொதிகலனின் முனகல், குச்சுக் தேநீரை உறிஞ்சும் சத்தம், இவற்றுக்கெல்லாம் அடியில் பெரிய அறையிலிருந்து மெதுவாக, ஒவ்வொன்றாக, விசைகள் தட்டப்படும் ஒலி கேட்டது.

"நீ ஏதாவது பண்ணி வெச்சிருக்கியாடி?"

"நானா? இங்கதானே உக்காந்திருக்கேன்! எதுக்கெடுத்தாலும் நான்தானா?" என்றாள் பெர்மெத்.

மறுபடி அதிர்ந்தது. 'அக்ஜோல் ஒரு மணி நேரம் கேட்கிறான்.' முடியாது. மறுபடி. 'அக்ஜோல் நாற்பது நாள் கேட்கிறான்.' முடியாது. அடுத்தது வந்தது.

'அக்ஜோலைக் கேட்கிறோம்.'

கைபேசியை மேசையில் வீசிவிட்டுப் பெரிய அறைக்கு நடந்தாள். குளிர்காலம் முழுக்கப் புகை நாறும் அறையில் இப்போது ஈரமண் வாடை அடித்தது, புதிதாகத் தோண்டிய மண். திரையில் கடவுச்சொல் கேட்கும் கட்டம். அதற்குள் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அழிந்தன. மறுபடி விழுந்தன. நாற்காலியில் யாரும் இல்லை.

பயத்தைவிடக் கோபம்தான் அவளுக்கு முதலில் வந்தது.

"என் வீட்டுக்குள்ள வந்து என்கிட்டயே புள்ளையைக் கேக்குறியா? ரெண்டைத் தூக்கிட்டுப் போனியே, வயிறு ரொம்பலையா? இவனைத் தர மாட்டேன். போ வெளியே!"

செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை இருண்டது. விசைகளின் சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம் அவள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

"அம்மா." வாசலில் குச்சுக் நின்றான், உதட்டில் ஜாமோடு. "என்னை யாரோ கூப்பிட்டாங்க."

"யாரும் கூப்பிடல. போய்ச் சாப்பிடு."

"வேற பேரு சொன்னாங்க. ஆனா என்னைத்தான்."

அவளைத் தாண்டி நடந்தான். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். மின்சாரம் இல்லாத கணினியின் விசைகளில் விரல்களை வைத்தான். தட்டினான்.

"குச்சுக்! டேய், குச்சுக்!"

திரும்பவில்லை. தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஒன்பது வயதுப் பையன், சுவரில் அறைந்த ஆணியாய் உட்கார்ந்திருந்தான். தோள் சில்லிட்டது.

பின்னால் பெர்மெத், கையில் கைபேசியோடு. அழுதுகொண்டே கேட்டாள்: "அவனுக்கு வேற பேரு இருக்காம்மா? அதைச் சொல்லிக் கூப்பிடேன். திரும்பிருவான்ல!"

திரும்புவான். சல்தனத்துக்கும் அது தெரியும். பெயர் தொண்டைவரை வந்து நின்றது. பெற்றவள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளை அதன் கைக்குப் போய்விடும். அதற்காகத்தான் அந்த வாடை அறையில் காத்திருந்தது.

பற்களைக் கடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவனை இரண்டு கையாலும் வளைத்துக் கட்டினாள்.

"அம்மா, மறுபடி வருது."

"முடியாதுன்னு அழுத்து."

அந்தப் பூட்டோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிய பெர்மெத் அழுத்தினாள்.

"திரும்ப வருதும்மா."

"அழுத்து!"

"நிக்கவே மாட்டேங்குது!"

"நீயும் நிக்காத. அழுத்து!"

சல்தனத் தலையை நிமிர்த்தினாள். எதிரே இருண்ட கண்ணாடித் திரை. அதில் விளக்கு தெரிந்தது. அழும் பெர்மெத் தெரிந்தாள். சல்தனத்தின் முகமும் தெரிந்தது. அவளுடைய இரண்டு கைகளும் தெரிந்தன, வெறும் நாற்காலியைக் கட்டிப் பிடித்தபடி.

கைகளுக்குள் அந்தச் சில்லிட்ட தோள் இன்னும் இருந்தது; விசைகள் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. அவள் கைகளை இன்னும் இறுக்கினாள்.