நான்கு கைகள் எழுப்பிய விடுதி

ஆளை அழித்துவிட்டு நிழலை விட்டுவிட்டாள் என்று நாளைக்கு வருகிறவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்த அந்தப் பழைய புகைப்படத்தின் முன்னால் நின்றபோது அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். படத்தில் இருப்பது மூன்று பேர். புதிதாகக் கட்டி முடித்த மரவிடுதியின் முன்னால் தொப்பியும் பூட்ஸுமாக அண்ணன் தம்பி இருவர், சற்றுப் பின்தள்ளி வெறுங்காலோடு ஒரு சுமையாள். தரையிலோ பதிமூன்று நிழல்கள் விழுந்திருந்தன. இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பத்து நிழல்களுக்கு ஆள் இல்லை.

பழைய படங்களைத் திருத்துவது அவள் பிழைப்பு, பன்னிரண்டு வருஷமாக. ஒருவரைப் படத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் முதலில் நிழலை எடுப்பாள், பிறகுதான் உடம்பை. நிழல் மிஞ்சினால் மானம் போய்விடும் என்பது தொழில் கற்ற முதல் நாளே மண்டையில் ஏறிய பாடம். இந்தப் படத்திலும் அப்படித்தான் செய்தாள். அச்சடித்து, சுருட்டிக் கொண்டுவந்து, இன்று காலை சட்டத்தில் பொருத்தியபோதுகூடத் தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

மணி மூன்று ஆகவில்லை. ஆனாலும் பனிமூட்டம் சன்னல்களில் ஒட்டி நின்று, பகலைப் பாதி விழுங்கியிருந்தது. விடுதி முதலாளியும் சமையல்காரரும் நூற்றாண்டு விழாவுக்குச் சாமான் வாங்கக் கீழே போயிருந்தார்கள். கிளம்பும்போது சமையல்காரர், "தனியா இருக்கோமேன்னு பயப்படாதீங்க மேடம், இந்த ஏத்தத்துல ஏறி வர பேய்க்கே மூச்சு பத்தாது" என்று சிரித்துவிட்டுப் போனார். சுற்றி முப்பது கிலோமீட்டருக்குக் காடு.

நூறு வருஷத்துக்கு முன் இந்தக் காட்டுக்குள் முதலில் நுழைந்தவர்கள் அண்ணனும் தம்பியும் என்று வாசல் பலகை சொல்கிறது. 'நான்கு கைகள் எழுப்பிய விடுதி.' கூரையைத் தாங்கும் ஒவ்வொரு உத்தரத்தையும் தூக்க ஆறு தோள் வேண்டும். அந்த நான்கு கைகளும் பெரும்பாலும் பாக்கெட்டுக்குள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அசல் படத்தில் அவர்களுக்குப் பின்னால் பதினொரு சுமையாட்கள் நின்றார்கள்.

"கூட்டமா இருந்தா கண்ணு எங்கம்மா நிக்கும்?" என்றார் முதலாளி, படத்தைத் திருத்தக் கொடுத்தபோது. அந்த அண்ணனின் பேரன். "கட்டினது எங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும். இவங்க சும்மா தூக்கிட்டு வந்தவங்க. எடுத்துடுங்க."

"ஒருத்தர் மட்டும் இருக்கட்டும் சார். இவர் எங்க அப்பாவோட தாத்தா."

"மூஞ்சியே இல்லையே!"

"அதை நான் பார்த்துக்கறேன்."

ஈரம் அரித்து, கொள்ளுத்தாத்தாவின் முகம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. வேறு படம் கிடையாது. எனவே அழிக்கப்போகிறவர்களிடமிருந்து எடுத்தாள். ஒருவனின் வலது கண், ஒருவனின் இடது கண், ஒருவனின் மூக்கு, ஒருவனின் உதடு, இப்படிப் பத்துப் பேரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில் கண்ணாடி வைத்துக்கொண்டு, தன் முகத்துக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எடுத்த இடங்களை வழவழவென்று மூடிவிட்டு, பிறகு ஆட்களையே அழித்தாள். அழிக்கும்போது மனது குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கெடு போன மாதமே முடிந்திருந்தது. தன் தாத்தாவை இந்தச் சுவரில் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நாளைக்கு வருகிறார்.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். அதில் தரை சுத்தமாக இருந்தது. அப்படியானால் காகிதத்தில்தான் கோளாறு, ஈரக்காற்றில் மை கசிந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினாள். மூன்று பேரின் நிழல்களும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. மற்ற பத்தும் நேராக முன்னோக்கி, சட்டத்தின் கீழ்விளிம்பு வரை நீண்டிருந்தன. சற்று முன்பு அவ்வளவு நீளம் இல்லை.

மேசைமேல் இருந்த தொலைபேசி அலறியது. தூக்கிவாரிப்போட்டது.

"மாட்டியாச்சா?" அப்பாவின் குரல், மூச்சு வாங்கியபடி. "வண்டியில முன் சீட்டு கேட்டிருக்கேன்."

"மாட்டியாச்சுப்பா." ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா, அந்த வருஷம் சுமை தூக்கினவங்கள்ல உங்க தாத்தா மட்டும் எப்படிக் கீழ வந்தாரு? மத்த பத்துப் பேரு?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கப்பா."

"மழை பிடிச்சு வழி அடைஞ்சுபோச்சு. இருந்த சாப்பாடு மூணு பேருக்குத்தான் பத்தும். தூங்கிட்டு இருந்தவங்களை உள்ள விட்டு, கொட்டகைக்கு வெளித்தாழ் போட்டுட்டு வரச் சொன்னாங்க அண்ணனும் தம்பியும். போட்டுட்டு வந்தாரு. சொன்னதைச் செஞ்சாரும்மா, வேற என்ன பண்ணுவாரு?"

எத்தனை தடவை இவரை வீரர் என்று சொல்லியிருப்பார் அப்பா! ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். இணைப்பு அறுந்துவிட்டது.

அந்தக் கொட்டகை இப்போதும் இருக்கிறது. தரைக்கு மெருகேற்றி, வெல்வெட் திரை போட்டு, பாரம்பரிய அறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகள் அடித்துப்பிடித்துக் கேட்டு வாங்கும் அறை அதுதான். கூடத்திலிருந்து ஒரு நடைவழி நேராக அங்கே போகிறது. அந்த நடைவழியிலிருந்து இப்போது ஈரச் சாக்கின் வாடையும், அணைந்த விறகின் வாடையும், அவற்றுக்கு அடியில் நாள்பட்ட பட்டினியின் புளித்த மூச்சும் மெல்ல மெல்லக் கூடத்துக்குள் பரவி வந்தன. கூடவே ஒரு சத்தம், யாரோ உள்ளிருந்து கதவைத் தோளால் தள்ளுவதுபோல். அவசரம் இல்லாத தள்ளல். தள்ளித் தள்ளிப் பழகிப்போன தள்ளல்.

பிறகு அது நின்றுவிட்டது.

வாசலுக்கு ஓட வேண்டும் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். நிழல்கள் சட்டத்தைத் தாண்டியிருந்தன. சுவரில் இறங்கி, பலகைத் தரையில் ஊர்ந்து, அவள் செருப்பு நுனியைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. ஈரமாக. காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

நடைவழியில் காலடிகள். பாரம் சுமக்கிறவர்களின் நடை. எல்லாக் கால்களும் ஒன்றாக. ஓர் அடி. நின்று ஒரு மூச்சு. ஓர் அடி.

வந்தார்கள்.

பத்துப் பேர்.

முதலில் வந்தவனுக்கு வலது கண் இல்லை. அந்த இடத்தில் குழி இல்லை, வடு இல்லை. வழவழப்பான தோல். அவளுடைய சுத்தமான கைவேலை. அடுத்தவனுக்கு இடது கண் இல்லை. அதற்கடுத்தவனின் முகத்தில் மூக்கு இருந்த இடம் தட்டை. நான்காமவனுக்கு உதடு இல்லை, வாயும் இல்லை. ஆனாலும் அவன் கன்னங்கள் அசைந்தன.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. நேராகப் படத்திடம் போனார்கள். சுமையாளின் முகத்தைத் தடவினார்கள், ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும். நகத்தால் சுரண்டினார்கள். காகிதம். வெறும் காகிதம்.

"மன்னிச்சுடுங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சொன்னாங்க. செஞ்சேன்."

அப்போதுதான் திரும்பினார்கள்.

படத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். மறுபடி படத்தை. அதே கண். அதே மூக்கு. அதே உதடு. இங்கே உயிரோடு, சூடாக, நடுங்கிக்கொண்டு.

ஒருவரும் முண்டியடிக்கவில்லை. முதல் ஆள் அவள் உயரத்துக்குக் குனிந்தான். அவனுடைய குளிர்ந்த கட்டைவிரல் அவள் வலது இமையின் ஓரத்தில், அளவு பார்ப்பதுபோல், மெதுவாக அழுந்தியது. அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்று காத்திருந்தார்கள்.