நிறுத்தக் கூடாத இருபது நிமிடம்

எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. முள் மட்டும் நகர்ந்தது.

வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேசைக்கு மேலிருந்த பெரிய வட்டத்தில் முள் பூஜ்யத்தை விட்டு விலகிக் கொஞ்சம் மேலே நின்றது. தடித்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால், டைனோ அறையில், இரும்புத் தாங்கியின் மேல் அவளுடைய எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. அதன் பின்பக்கம் பூட்டியிருந்த, எஞ்சின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்திலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் முறுக்கும் வேகத்துக்கு அந்தக் கை அழுந்தும், கை அழுந்தினால் முள் ஏறும். காலையில்தான் அதில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்திருந்தார்கள். இப்போது அதில் ஒன்றும் தொங்கவில்லை.

“ஆர்லிஸ், கல்லைக் கழட்டினியா இல்லியா?”

“கழட்டினேனே கிழவி. இதோ என் காலடியில கெடக்கு. நம்பலைன்னா தூக்கி உன் மடியில வைக்கிறேன்.”

“அப்ப முள்ளு ஏன் ஏறி நிக்குது?”

ஆர்லிஸ் எழுந்து வந்து வட்டத்தை விரலால் தட்டினான். இந்தக் கடையும் டைனோவும் அவனுடையவை. கென்டக்கியிலிருந்து அவன் அப்பா டெட்ராய்ட் பக்கம் பிழைக்க வந்த நாளிலிருந்து, ஹேசல் பார்க்கின் இந்தத் தெருவை விட்டு அவன் குடும்பம் நகரவில்லை.

“குளிருதான். இந்த பிப்ரவரியில எனக்கே முட்டி மடங்க மாட்டேங்குது. முள்ளு மட்டும் ஒழுங்கா நிக்கணுமா?”

அவன் சொல்லி முடிப்பதற்குள் முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. சாய்ந்திருந்த ஆள் நிமிர்ந்துகொண்டது போல.

வெர்னாவுக்கு டாயல் நினைவு வந்தது, அவளுடைய முன்னாள் கணவன். அவனுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. அவள் வேலை செய்யும்போது எதன் மேலாவது சாய்ந்துகொண்டு நிற்பான். பெஞ்சின் மேல், வண்டிக் கதவின் மேல், சில நேரம் அவள் தோளின் மேலேயே. சாய்ந்தபடி, “நிறுத்து செல்லம். உனக்குப் புரியாது. நான் பாத்துக்கறேன்” என்பான். அவளும் நிறுத்துவாள். எத்தனையோ வருடம் அவள் கட்டிய எஞ்சின்கள் அவன் பெயரில் ஓடி, அவன் பெயரில் கோப்பை வாங்கின. விவாகரத்து முடிந்த அன்று கோர்ட் வாசலில் வைத்து, “உன் பேர்ல ஒரு எஞ்சின் ஓடாது, பாத்துக்கோ” என்றான். போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனான். அவள் சாவுக்குப் போகவில்லை.

இது அவள் பெயரில் ஓடப்போகும் முதல் எஞ்சின். அறுபத்தெட்டாம் வருடத்துப் பான்டியாக் கார் ஒன்றின் எட்டு சிலிண்டர். அதன் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை அவளே பழைய இரும்பில் கடைந்து, அவளே மெருகிட்டாள். அதைப்போல இன்னொன்று கிடையாது. புதுக் கேமுக்கு ஒரே ஒரு விதி. முதல் தடவை கிளப்பினால் இருபது நிமிடத்துக்கு நிறுத்தக் கூடாது, வேகத்தையும் குறைக்கக் கூடாது. இரும்போடு இரும்பு பழகும் நேரம் அது. நடுவில் நின்றால் கேமின் மேடுகள் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் எஞ்சின் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் எல்லாம் குப்பை.

“என்ன, கிளப்பலாமா, இல்ல முள்ளுக்குப் போர்வை போர்த்தட்டுமா?”

“வாயை மூடு கிழவா” என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது. தரை வழியாக, காலணி வழியாக, இடுப்பெலும்பு வரைக்கும் அந்த உறுமல் ஏறியது. ஆர்லிஸ் ஏதோ கத்திக்கொண்டு கையைத் தட்டினான். அவள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அறைக்குள் தொங்கிய மைக் வழியாக எஞ்சினின் உள்சத்தம் மேசை மேலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வந்தது. வால்வுகளின் தட்டல், பெல்ட்டின் சீறல், எண்ணெய் ஓடும் கிசுகிசுப்பு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக, மழைக்காலத் தகரக் கூரை போல. புதுக் குழாய்களின் பெயின்ட் கருகும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. முதல் ஓட்டத்தில் எப்போதும் வரும் வாசனைதான்.

ஆனால் அந்தப் புகை வெளியே போகவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் சுழன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“ஃபேன் வாயைப் பனி அடைச்சுக்கிச்சு!” ஆர்லிஸ் அவள் காதருகே கத்தினான். “நான் போய்த் தள்ளிட்டு வரேன். நீ கைய எடுத்துறாத!”

“நீ வழுக்கி விழுந்து தொலைக்காத!”

சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பனிவாரியைத் தூக்கிக்கொண்டு அவன் போனான். கதவு திறந்து மூடிய அந்த நொடியில் மதிய வெளிச்சமும் பனித்தூளும் குளிரும் மொத்தமாக உள்ளே விழுந்தன.

வெர்னா தனியாக இருந்தாள். கண்ணாடி முழுக்க வெண்மை. எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு கருமை மட்டும். ஃபேன் திணறுவது கேட்டது. சற்று நேரத்தில் திணறல் நின்று காற்று இழுக்கத் தொடங்கியது. பனியைத் தள்ளிவிட்டான் போலிருக்கிறது. புகை கலங்கியது. உள்ளே ஏதோ அசைந்தது, அல்லது புகைதான் அசைந்தது.

முள் எகிறியது.

அவள் கைப்பிடியை அசைக்கவே இல்லை. டைனோவின் சுமையையும் கூட்டவில்லை. முள் ஏறி, நின்று, நடுங்கி, இன்னும் ஏறியது. எஞ்சின் முனகியது. யாரோ அந்த இரும்புக் கையில் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்திருக்கிறார்கள்.

“சாயுடா” என்றாள் வெர்னா, பல்லைக் கடித்துக்கொண்டு. “எவ்வளவு வேணா சாயி.” வேகம் விழாமல் கைப்பிடியை ஒரு மயிரிழை முன்னே தள்ளினாள். வியர்வை முதுகில் இறங்கியது.

பெட்டியில் ஒரு குரல்.

“வெர்னா! நிறுத்து! நிறுத்து!”

கை தன்னால் சாவிக்குப் போனது.

“தொடாத.”

அவளுக்குப் பின்னால் ஆர்லிஸ் நின்றான். கண்ணாடியில் அவன் நிழல் தெரிந்தது. தொப்பி, சிவப்புக் கட்டம், அகன்ற தோள். கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. இந்த இரைச்சலில் எது கேட்கும்?

“ஆர்லிஸ்! உள்ள யாரு?”

“நான் இங்க நிக்கிறேன். அப்ப உள்ள யாருன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும்.

“வெர்னா, நான்தான்!” பெட்டி கரகரத்தது. “எண்ணெய் சொட்டுச்சு... முறுக்கலாம்னு பின்கதவு வழியா வந்தேன்... கோட்டுக் கை பெல்ட்டுல மாட்டிக்கிச்சு! இழுக்குது! நிறுத்து!”

“அவன் உன் குரல்ல பேசுறான்” என்றாள் வெர்னா.

“பேசுவான். நிறுத்த வைக்க என்ன வேணா பேசுவான்.”

அவள் பெட்டி பக்கம் குனிந்தாள். அவள் பேச்சு அந்த அறைக்குள் போகாது. தெரிந்தும் கத்தினாள். “நீ சொன்னப்பல்லாம் நிறுத்தினேன் டாயல்! இன்னிக்கு நிறுத்த மாட்டேன்! காது கிழியக் கத்து!”

அது கத்தியது. வார்த்தையாக இருந்தது, அப்புறம் வார்த்தை இல்லாமல் ஆனது. குழாய் சுடுகிறது என்றது. லொரேன் என்று தன் மனைவியை, ஆர்லிஸின் மனைவியை, அழைத்தது. ஏ கிழவி, விளையாடாத என்றது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. எஞ்சின் அழகாக ஓடியது. இவ்வளவு அழகாக ஓடி எந்த எஞ்சினையும் அவள் கேட்டதில்லை. எண்ணெய் அழுத்தம் சரி. சூடு சரி. பெயின்ட் வாசனை மட்டும் மாறிவிட்டது. கம்பளி கருகும் வாசனை. முடி கருகும் வாசனை.

பெயின்ட்தான். புதுக் குழாய்.

“அப்படித்தான்” என்றது பின்னாலிருந்த குரல், காதுக்கு மிக அருகில். “இன்னும் கொஞ்சம்தான், செல்லம்.”

கடிகாரம் நகர்ந்தது.

பெட்டி அமைதியாகிவிட்டது.

செல்லம்.

ஆர்லிஸ் அவளைக் கிழவி என்பான். பிசாசு என்பான். பழைய பிஸ்டன் என்பான்.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் தரைக்கு இறக்கினாள். கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் சிமென்ட் தரை உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு துளி பனி இல்லை.

வெர்னா சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.

அந்த நிசப்தம் காதில் அறைந்தது. ஃபேன் மட்டும் ஓடியது. புகை மேலே ஏறியது. முதலில் தாங்கியின் கால்கள். தரையில் கிடந்த பனிவாரி. பூட்ஸ். சிவப்புக் கட்டம், புகைந்துகொண்டு. வலது கை தோள்வரை பெல்ட்டுக்குள் சுருண்டிருக்க, ஆர்லிஸ் எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி தொங்கினான். ஒரு கன்னம் குழாயோடு ஒட்டியிருந்தது.

கண்கள் திறந்திருந்தன. உயிர் இருந்தது. அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தன.

“ஏன் செல்லம் நிறுத்தின?” பின்னாலிருந்த குரலில் கோபமே இல்லை. “ஒரு நிமிஷம்தான் பாக்கி. இப்படி விட்டா உன் கேம் போயிடுமே.”

“போகட்டும்.”

“நகரு. நான் முடிச்சுத் தரேன்.”

ஸ்டார்ட்டர் பொத்தானை நோக்கி ஒரு கை அவளைத் தாண்டி நீண்டது. வெர்னா தன் உள்ளங்கையால் பொத்தானை மூடினாள். மற்றக் கையை அதன் மேல் வைத்து, மேசையோடு மேசையாகக் குனிந்து, நெஞ்சையும் அதன் மேல் போட்டுக்கொண்டாள்.

“போகட்டும்டா” என்றாள். “என் கேம். என் எஞ்சின். நான் நிறுத்தினேன். நீ சொல்லி இல்ல. நானே நிறுத்தினேன்.”

முதுகின் மேல் ஒரு எடை வந்து சாய்ந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

அவள் விரல்களின் மேல், ஒவ்வொன்றாக, விரல்கள் வந்து அமர்ந்தன.

உள்ளங்கைக்கு அடியில் பொத்தான் இறங்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு அப்பால் பெல்ட் ஒரு சாண் நகர்ந்தது. ஆர்லிஸ் வாயைத் திறந்தான்.